கார் கண்ணாடிக் கீறல்: தேய்த்தால் போகுமா, மாற்றத்தான் வேண்டுமா?

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வண்டி கழுவக் கூடாது என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியில் அதே உத்தரவு மறுபடியும் வந்தது. ஊர் இருந்த நிலையில் அது தேவையான உத்தரவுதான். ஆனால் அதோடு கார் துடைக்கும் பழக்கமும் மாறியது. குழாய் போய் வாளி வந்தது. பல அபார்ட்மென்ட்களில் அந்த வாளியும் ஐந்தாறு வண்டிகளுக்குப் பொதுவாகி, கடைசி வண்டிக்குப் போகும்போது துணியில் இருப்பது பாதி சேறு.

அதன் விளைவு கண்ணாடியில் தெரிகிறது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டதும் முன்கண்ணாடி முழுக்க மெல்லிய கோடுகள் மின்னுகின்றன. பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள். இதற்கு வழி கேட்டுப் போனால் மூன்று இடத்தில் மூன்று பதில் கிடைக்கிறது. காரைப் பளபளப்பாக்கித் தரும் டீடெய்லிங் கடையில் “பஃப் அடிச்சா போயிடும்” என்கிறார்கள், அதாவது மெஷினால் தேய்த்தால் போய்விடுமாம். சர்வீஸ் சென்டரில் கண்ணாடியையே மாற்றச் சொல்கிறார்கள். கைபேசியில் வரும் அரை நிமிட வீடியோ டூத்பேஸ்ட் போதும் என்கிறது. உண்மையில் இந்த மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகளுக்கான பதில்கள். நம் கண்ணாடியில் இருப்பது எந்தப் பிரச்சினை என்று தெரிந்துகொள்ளாமல் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

கீறலா, கறையா?

முதல் வேலை இதைப் பிரிப்பது. கீறல் என்று நினைத்து வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு இருப்பது உப்புக் கறை.

போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அபார்ட்மென்டில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் எஸ்டிபி தண்ணீரும் அப்படியே. சாதாரண எஸ்டிபி அழுக்கையும் கிருமியையும் குறைக்கும், கரைந்த உப்பை எடுக்காது. அந்தத் தண்ணீர் வெயிலில் கண்ணாடி மேலேயே காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். துளி விழுந்த இடத்தில் வெள்ளை வட்டம் நிற்கும். அடுத்த நாள் அந்த வட்டத்தைப் போக்கப் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரை எடுக்கிறார்கள். கறையாகத் தொடங்கியது கீறலாக முடிவது இப்படித்தான்.

சோதிக்கும் முறை:

1. கண்ணாடியை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டி நின்றால் அது ஆழமான கீறல். தட்டவில்லை, ஆனால் கோடு தெரிகிறது என்றால் மேலோட்டமான கீறல் அல்லது கறை.

2. வெள்ளை வினிகரில் துணியை நனைத்து அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். சுண்ணாம்பு உப்பு அமிலத்தில் கரையும். அடையாளம் மங்கினால் அது கறைதான். பக்கத்தில் பெயின்ட் மேல் வழியாமல் பார்த்து, பிறகு தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

3. இரவில் காருக்குள் உட்கார்ந்து, வெளியிலிருந்து ஒருவரைச் சாய்வாக டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கறை திட்டாகவும் வட்டமாகவும் தெரியும். கீறல் கூர்மையான கோடாக மின்னும். வைப்பர் போட்ட கீறல் என்றால் விசிறி போல வளைந்திருக்கும்.

4. பக்கக் கண்ணாடியில் உள்பக்கம் ஃபிலிம் ஒட்டியிருந்தால், கீறல் கண்ணாடியிலா, ஃபிலிமிலா என்று பாருங்கள். ஃபிலிமில் இருந்தால் ஃபிலிமை மட்டும் எடுத்துவிட்டால் முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சில கறை நீக்கிகளில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அதன் உப்பான அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கறை உடனே போவதற்குக் காரணம், அது கண்ணாடியையே அரிக்கிறது என்பதுதான். அதைவிட மோசம், அந்த அமிலம் தோல் வழியாக உள்ளே இறங்கக்கூடியது. நீர்த்த அமிலம் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வெறுங்கையோடு இதைத் தொட்டு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கடையில் இருக்கும் சின்னப் பையன்கள். பெயர் ஒட்டாத புட்டியில் ஊற்றித் தரும் எந்தக் ‘கண்ணாடி ஆசிட்’டையும் வாங்காதீர்கள், உங்கள் வண்டியில் போடவும் விடாதீர்கள்.

ஒரே காரில் இரண்டு விதக் கண்ணாடி

கறை இல்லை, கீறல்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எந்தக் கண்ணாடி என்பது.

முன்கண்ணாடி லேமினேட்டட். சுமார் 2 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். படலத்தின் வழக்கமான தடிமன் 0.76 மி.மீ. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் சில்லுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு முகத்தில் தெறிக்காமல் நிற்கும். பிரெஞ்சு வேதியியலர் எதுவார் பெனடிக்டஸ் 1909-இல் காப்புரிமை வாங்கிய யோசனையின் வழிவந்தது இது.

பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டஃபன் செய்யப்பட்டவை. ஒற்றைத் தகட்டை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றை ஊதிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதனால் மேல்தோல் எப்போதும் அழுத்தத்திலும், நடுப்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் அந்தத் தோல் இரு பக்கமும் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 4 மி.மீ. கண்ணாடியில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.8 மி.மீ. உடைந்தால் இது கற்கண்டு போலப் பொடித்துண்டுகளாக உதிரும்.

எது எது என்று தெரிய, கண்ணாடியின் கீழ் மூலையைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஐஎஸ்ஐ முத்திரை, லேமினேட்டட் அல்லது டஃபன்ட் என்ற சொல் எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். விலை உயர்ந்த சில கார்களில் சத்தம் குறைய முன் கதவுக் கண்ணாடியும் லேமினேட்டடாக வருகிறது. அதனால் ஊகிக்காமல் படித்துவிடுவது நல்லது.

கீறல் என்பது பள்ளம்

பெயின்ட்டில் கீறல் விழுந்தால் சாயம் தீட்டி மறைக்கலாம். கண்ணாடியில் அது முடியாது. கீறல் என்பது கண்ணாடி இல்லாமல் போன இடம், அவ்வளவுதான். திரும்ப நிரப்ப நம்மிடம் கண்ணாடி கிடையாது. ஆகவே கீறலை ‘நீக்குவது’ என்றால், சுற்றியிருக்கும் நல்ல கண்ணாடியையும் அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்துக் குறைப்பது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

கல் பட்ட ‘சிப்’புக்கு ரெசின் ஊற்றி அடைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே கல் பட்ட இடத்தில் கண்ணாடிக்குள் ஒரு பொந்தும் மெல்லிய விரிசல்களும் இருக்கும். ரெசின் உள்ளே புகுந்து இறுகும். ஒளியை வளைப்பதிலும் அது கண்ணாடிக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் கண்ணுக்குத் தெரிவது குறையும். வைப்பர் போட்ட கோடு வாய் திறந்த ஆழமற்ற பள்ளம். அதில் ரெசின் தங்குவதற்குப் பிடிமானம் இல்லை.

கீறலால் என்ன கெடுதல்? முதலாவது பார்வை. கீறலின் ஓரங்கள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். பகலில் பொருட்படுத்தாத கோடு, மழை இரவில் ஓசூர் ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பட்டதும் பளீரென்று எரியும். அந்த ஒளிக்கோட்டுக்குப் பின்னால் சாலையைக் கடக்கிற ஆள் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது வலிமை. ஃபிரேம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் அளவுகோலை வைத்து, கட்டரால் ஒரே இழுப்பில் மெல்லிய கோடு போடுவார். கிர்ரென்று ஒரு சத்தம். பிறகு மேசை விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் லேசாக அமுக்குவார். கோட்டோடு கோடாகக் கண்ணாடி இரண்டாகிவிடும். அவர் கண்ணாடியை வெட்டவில்லை, கீறல்தான் போட்டார். விசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. கண்ணாடியின் வலிமையை அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பிளவுகளே தீர்மானிக்கின்றன என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1921-இல் விளக்கியது இதைத்தான்.

டஃபன் கண்ணாடியில் மேல்தோல் அழுத்தத்தில் இருப்பதால் சின்னக் கீறலின் வாயை அது மூடியே வைத்திருக்கும். ஆபத்து குறைவு. ஆனால் கீறல் அந்தத் தோலைத் துளைத்து இழுவிசைப் பகுதியைத் தொட்டுவிட்டால் கண்ணாடி மொத்தமும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். முன்கண்ணாடித் தகடுகளுக்கு அந்த மாதிரி பலமான அழுத்தத் தோல் கிடையாது. நகம் தட்டும் அளவு ஆழமான கோடு ஓரத்துக்கு அருகில் இருந்தால், வெயிலில் நின்ற கண்ணாடி மேல் ஏசியை முழு வேகத்தில் வைப்பது, பள்ளத்தில் இறங்கி ஏறுவது, ஹம்ப்பில் தூக்கிப் போடுவது எல்லாம் அதை விரிசலாக வளர்க்கக்கூடும்.

பெங்களூர்த் தூசி ஏன் இப்படிக் கீறுகிறது?

எது எதைக் கீறும் என்பதைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5. விரல் நகம் 2.5. குவார்ட்ஸ் என்ற படிகக்கல் 7. பெரிய எண் சின்ன எண்ணைக் கீறும்.

லால்பாக்கின் நடுவில் இருக்கும் பாறையைப் பார்க்காத பெங்களூர்வாசி இருக்க மாட்டார். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை கொண்ட நைஸ் பாறை அது. இந்த ஊரின் அடித்தளமே இந்தப் பாறையும் கிரானைட்டும்தான். இரண்டிலும் குவார்ட்ஸ் நிறைய. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் என்பது இப்படிப்பட்ட பாறையை உடைத்த பொடி. ஆற்று மணல் உருண்டு தேய்ந்து வந்தது. எம்-சாண்ட் இப்போதுதான் உடைபட்டது, முனைகள் கூர்மையாக இருக்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும் பகுதியைத் தினமும் கடந்து வரும் காரின் கண்ணாடி மேல் படிவதில் இந்தப் பொடிக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மேல் காய்ந்த துணியை வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். துணி கீறுவதில்லை, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய குவார்ட்ஸ்தான் கீறுகிறது.

வைப்பரும் அப்படித்தான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வெயிலில் காய்ந்து ரப்பர் இறுகியிருக்கும். முதல் கோடை மழைத் தூறல் விழுந்ததும் எல்லோரும் வைப்பரைப் போடுவோம். இரண்டு மாதத் தூசி, நாலு சொட்டுத் தண்ணீர், கட்டையாகிப்போன ரப்பர். ஆண்டிலேயே கண்ணாடிக்கு மிக மோசமான நிமிடம் அது.

பக்கக் கண்ணாடியின் நீளக் கோடுகளுக்குக் காரணம் வேறு. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கின் உள்பக்கத்தில் வெல்வெட் போன்ற பட்டை இருக்கும். அதில் மணல் சேர்ந்தால், அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியிடம் பேசக் கண்ணாடியை இறக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மணல் கோடு போடும். பீடிங்கைச் சுத்தம் செய்யாமல் கண்ணாடியை மட்டும் பாலிஷ் செய்தால் சில வாரங்களில் கோடு திரும்பிவிடும்.

தேய்த்து எடுக்கும் வேலை நடக்கும் விதம்

கண்ணாடியைப் பாலிஷ் செய்யப் பயன்படுவது சீரியம் ஆக்சைடு என்ற பொடி. மூக்குக் கண்ணாடி, தொலைநோக்கி லென்ஸ் தயாரிப்பிலும் இதே பொடிதான். வெறுமனே உரசி எடுக்கும் பொடி அல்ல இது. தண்ணீர் பட்டதும் கண்ணாடியின் மிக மேலான அடுக்கு கொஞ்சம் இளகும். சீரியம் துகள்கள் அந்த அடுக்கில் இருக்கும் சிலிக்காவோடு வேதிப்பிணைப்பு போட்டு, அதை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் புதுக் கீறல் போடாமல் பளபளப்பாக முடிக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் இந்த வேதிவேலையே நடக்காது, சூடு மட்டும் ஏறும்.

கடையில் சரியாகச் செய்தால் இந்த வரிசையில் இருக்கும்:

1. கண்ணாடியைக் கழுவி, கீறலின் பின்பக்கம், அதாவது காரின் உள்பக்கம், மார்க்கரால் குறி போடுவார்கள். பொடி பூசிய பிறகு கோடு கண்ணுக்குத் தெரியாது.

2. சுற்றியுள்ள பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுவார்கள்.

3. பொடியைத் தண்ணீரில் பால் மாதிரி, கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஃபெல்ட் பேட் மாட்டிய மெஷினால் குறைந்த வேகத்தில் தேய்ப்பார்கள். காயக் காயத் தண்ணீர் தெளிப்பார்கள்.

4. அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, புறங்கையைக் கண்ணாடியில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். கை பொறுக்காத சூடு என்றால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

நான்காவது படி மிக முக்கியம். முன்கண்ணாடித் தகடு சாதாரண கண்ணாடி. ஒரு இடம் சூடாகவும் பக்கத்து இடம் குளிர்ச்சியாகவும் இருந்து வித்தியாசம் 40 டிகிரியை எட்டினாலே விரிசல் விடலாம். டஃபன் கண்ணாடி 200 டிகிரி வித்தியாசத்தைக்கூடத் தாங்கும். பஃப் அடிக்கும்போது முன்கண்ணாடி படீரென்று விரிந்துபோகக் காரணம் பெரும்பாலும் அவசரம். உள்ளங்கை அளவு இடத்தில் நகம் தட்டாத கோட்டை எடுக்கவே அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

நகம் தட்டும் கீறலைச் சீரியத்தால் மட்டும் எடுக்க முடியாது. முதலில் சொரசொரப்பான தாளால் இழைத்து, படிப்படியாக மென்மையான தாளுக்கு வந்து, கடைசியில் சீரியம் போட வேண்டும். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விளைவு வருகிறது.

கீறல் போய் லென்ஸ் வரும்

ஒரு இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு ஆழமற்ற குழி விழும். கண்ணாடியில் குழி என்றால் அது லென்ஸ்.

கணக்காகவே பார்ப்போம். கீறலின் ஆழம் 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தலைமுடியின் தடிமன் அளவு. அந்த ஆழத்தைச் சுற்றிலும் 2 செ.மீ. தூரத்துக்குள் சமன் செய்தால், குழியின் ஓரத்தில் சரிவு ஆயிரத்துக்கு 5 என்ற விகிதத்தில் இருக்கும். கண்ணாடி அந்தச் சரிவில் ஒளியை வளைப்பதால், 50 மீட்டர் தள்ளி நிற்கும் பொருள் சுமார் 13 செ.மீ. இடம் மாறித் தெரியும். அதே ஆழத்தை 10 செ.மீ. தூரத்துக்குப் பரப்பித் தேய்த்தால் இடமாற்றம் 3 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும், ஆனால் தேய்க்க வேண்டிய பரப்பு 25 மடங்கு. இது கண்ணாடி நேராக நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால் உண்மையில் கோணல் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும் என்றால், தலையை லேசாக அசைத்தால் சாலைக்கோடு அந்த இடத்தில் நெளியும். கானல் நீர் வழியாகப் பார்ப்பது மாதிரி. நீண்ட பயணத்தில் கண் வலிக்கும். பக்கத்தில் ஆட்டோ எவ்வளவு தூரத்தில் வருகிறது என்ற மதிப்பீடு தடுமாறும். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில், ஸ்டீயரிங்குக்கு எதிரே இருக்கும் பகுதியில் ஆழமான கீறலைத் தேய்த்து எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மெல்லிய கோட்டோடு வாழலாம். நெளியும் கண்ணாடியோடு வண்டி ஓட்டுவது சரியல்ல.

முன்கண்ணாடியின் நடு மேல்பகுதியில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஏடாஸ் கேமரா (சாலையைப் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் கேமரா) இருக்கும் வண்டிகளில் அந்த இடத்துக்கு எதிரே தேய்க்கவே கூடாது. கேமராவுக்கும் அதே நெளிவு தெரியும், ஆனால் நம்மைப் போல அது சந்தேகப்படாது.

டூத்பேஸ்ட்டும் மற்றவையும்

டூத்பேஸ்ட்டில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் கார்பனேட் அல்லது மென்மையான சிலிக்கா. கால்சியம் கார்பனேட் மோஸ் அளவில் 3. பல் எனாமலையே கெடுக்கக் கூடாது என்று செய்த பொருள் கண்ணாடியை இழைக்காது. வீடியோவில் ‘கீறல்’ போவது போலத் தெரிவது உப்புக் கறையும் எண்ணெய்ப் பசையும் போவதுதான். சில சமயம் பேஸ்ட் பள்ளத்தில் படிந்து கொஞ்ச நாள் கோட்டை மறைக்கும். மழை பெய்ததும் திரும்பிவிடும். பேக்கிங் சோடாவுக்கும் இதே கதைதான்.

பெயின்ட்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட் வேறு ரகம். அதில் அலுமினா இருக்கும், மோஸ் 9. சொரசொரப்பான காம்பவுண்ட் கண்ணாடி மேல் புகைபோல மங்கலை விட்டுவிடும். ஹெட்லைட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கிட் கண்ணாடிக்குச் சரிவராது. இன்றைய ஹெட்லைட் மூடி கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்.

முடிவெடுக்கும் வரிசை

1. பக்கக் கண்ணாடி, நகம் தட்டாத கோடு: சீரியம் பாலிஷ் செய்யலாம். டஃபன் என்பதால் சூட்டைத் தாங்கும், எடுக்கும் ஆழமும் மிகக் குறைவு. முதலில் பீடிங்கைச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. பக்கக் கண்ணாடி, நகம் தட்டும் கோடு: மாற்றிவிடுங்கள். பெருவாரியான கார்களுக்குக் கதவுக் கண்ணாடி முன்கண்ணாடியைவிட விலை மிகக் குறைவு. மணிக்கணக்கில் இழைக்கும் கூலி புதுக் கண்ணாடி விலைக்கு அருகில் வந்துவிடும்.

3. பின்கண்ணாடி: வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கத்தில் ஓடும், கண்ணாடியைச் சூடாக்கிப் பனிமூட்டத்தைப் போக்கும் டீஃபாகர் கம்பிகள் கண்ணாடி மேல் அச்சடித்தவை, தேய்த்தால் அறுந்துவிடும்.

4. முன்கண்ணாடி, ஓட்டுநர் பார்வைக்கு வெளியே, மெல்லிய கோடு: பாலிஷ் செய்யலாம், செய்யாமலும் விடலாம். என்னைக் கேட்டால் விட்டுவிடுவதே மேல்.

5. முன்கண்ணாடி, ஓட்டுநர் பார்வையில், இரவில் கண்ணைக் கூசவைக்கும் வைப்பர் வளைவு: நகம் தட்டவில்லை என்றால் அனுபவமுள்ள ஆளிடம் பரவலாகப் பாலிஷ் செய்யலாம். நகம் தட்டினால் மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது மத்திய மோட்டார் வாகன விதி 100-ஐ நினைவில் வைக்க வேண்டும். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் விட வேண்டும். கார் பாகங்கள் விற்கும் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். “அண்ணா, மூலையில ஐஎஸ்ஐ மார்க் காட்டுங்க” என்று கேட்டு, முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். முன்கண்ணாடி என்றால் ஒட்டும் பசை இறுக எத்தனை மணி நேரம் வண்டியை நிறுத்த வேண்டும் என்றும், ஏடாஸ் கேமராவைத் திரும்ப அளவு பிடிக்க வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் க்ளெய்ம் போடுவதா?

கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், கண்ணாடிக்கு ஒன்றும் கழிக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு உண்டு: 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். தவிர, நாளடைவில் தேய்ந்து விழுந்த கோடுகளை விபத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல் பட்டு விரிசல் விட்டதற்குக் கிடைப்பது வைப்பர் கோட்டுக்குக் கிடைக்காது.

அப்புறம் நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். தனியாகப் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் ஒரு க்ளெய்மில் அது பூஜ்யமாகிவிடும். உதாரணத்துக்கு, சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்றால், 4,000 ரூபாய் கதவுக் கண்ணாடிக்கு க்ளெய்ம் போட்டுக் கையில் வருவது 3,000. அடுத்த ஆண்டே 5,000 ரூபாய் தள்ளுபடி போய்விடும். கதவுக் கண்ணாடிக்குக் கைக்காசு போடுவதே லாபம். ஏடாஸ் உள்ள வண்டியின் முன்கண்ணாடி என்றால் கணக்கு தலைகீழாக மாறலாம்.

இரண்டு லிட்டர் தண்ணீரில் கண்ணாடியைக் காப்பது

தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும்போதும் கண்ணாடி கீறாமல் துடைக்க முடியும். தேவை தண்ணீரின் அளவைவிட அதை எப்போது விடுகிறோம் என்பதே.

துணி தொடும் முன் கண்ணாடி நனைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் ஸ்ப்ரே புட்டியில் சில சொட்டு கார் ஷாம்பு கலந்து, மேலிருந்து தாராளமாக அடித்து, ஒரு நிமிடம் விட்டால் மணல் இளகி வழியும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். வட்ட வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கடைசியில் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் உப்பு தங்காது. முன், பின், நான்கு கதவு என்று எல்லாக் கண்ணாடிக்கும் இரண்டு லிட்டருக்குள் முடியும். வைப்பர் ரப்பரையும் பீடிங்கின் மேல் ஓரத்தையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் வழித்துவிட வேண்டும். வைப்பர் பிளேடை வருடம் ஒருமுறையாவது, கோடை மழைக்கு முன்பே மாற்ற வேண்டும். வாஷர் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஏப்ரலில் பாருங்கள். தூறல் விழுந்ததும் முதலில் வாஷரை அடித்து, பிறகு வைப்பரைப் போட வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் இதையெல்லாம் செய்வது நாம் அல்ல, விடிகாலையில் பேஸ்மென்டில் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறவர். அவருக்கு ஒரு வாளி, ஒரு துணி, வண்டிக்கு ஐந்து நிமிடம். எப்படித் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, அதற்கான சாமான் அவரிடம் இல்லை. உங்கள் வண்டிக்கென்று ஒரு ஸ்ப்ரே புட்டியும் நான்கு துணிகளும் வாங்கி டிக்கிச் சாவியோடு அவரிடம் கொடுங்கள். துணியை வாரம் ஒருமுறை வீட்டு மெஷினில், சாஃப்ட்னர் போடாமல், தனியாகத் துவைத்துக் கொடுங்கள். துணி அலச எந்தக் குழாயைப் பயன்படுத்தலாம் என்று அபார்ட்மென்ட் சங்கம் அவருக்கு எழுதியே காட்டிவிட்டால், இரண்டாவது வண்டிக்கு முதல் வண்டியின் மணல் போகாது.